ஒருத்தியின் பதிலில் எத்தனை பேர்

குடித்தொகை சுகாதார அளவீடு ஒன்றின் தரவுக் கோப்பைத் திறந்தால் பெண்ணுக்கு ஒரு வரி. வயது, படிப்பு, பெற்ற பிள்ளைகள், கடைசிப் பிள்ளை பிறந்த இடம், கிணறா குழாய்நீரா, மலசலகூடம் உண்டா என்று அந்த வரி நூற்றுக்கணக்கான நிரல்களாக நீளும். ஏறக்குறைய எல்லாமே அவள் சொன்னவை, அல்லது வீட்டுக்கு வந்தவர் அளந்தவை. நடுவே ஒரு நிரலை மட்டும் யாரும் அவளிடம் கேட்டு நிரப்பவில்லை. தசமப் புள்ளி இல்லாத ஓர் எண். பத்து இலட்சத்தால் வகுத்துத்தான் வாசிக்க வேண்டும். 250,000 என்றால் கால். 1,800,000 என்றால் ஒன்று தசம் எட்டு. மாதிரி நிறை என்பது இதுதான். கணக்குப் போடும்போது இந்தப் பெண்ணை எத்தனை பேராக எண்ண வேண்டும் என்று அது சொல்கிறது.

கால் பெண், ஒன்றேமுக்கால் பெண் என்று கேட்கச் சங்கடமாக இருக்கலாம். மாதிரி எடுத்துச் செய்யும் எந்த அளவீடும் இந்தச் சங்கடத்தின் மேல்தான் நிற்கிறது. கேட்கப்பட்டவர் கேட்கப்படாதவருக்காகவும் பேசுகிறார். எத்தனை பேருக்காகப் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்பதை நிறை தீர்மானிக்கிறது. பிழையான நிறையை எடுத்தாலும் கணினி முறைப்பாடு சொல்லாது. ஒழுங்கான அட்டவணை ஒன்றைத் தந்துவிடும். அதற்குள் யார் யாருடைய வாயாக இருந்தார்கள் என்பது மட்டும் மாறிப்போயிருக்கும்.

இலங்கையின் 25 மாவட்டங்களுக்கும் போன முதலாவது குடித்தொகை சுகாதார அளவீடு 2016இல் நடந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் அதை நடத்தியது. 27,210 வீடுகள் பதில் சொல்லின. 15 முதல் 49 வயது வரையான, ஒருமுறையேனும் மணமான 18,302 பெண்களுடன் பேசினார்கள். நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினேழு பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், பதினைந்து பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள் என்று நாம் சொல்வது அந்த அளவீட்டை வைத்துத்தான். மட்டக்களப்புக்குத் தனி வரி அதில் உண்டு. கிரானுக்கு இல்லை. அறிக்கை இறங்கிவரும் கடைசிப் படி மாவட்டம்.

கிரான் என்றால் பிரதான வீதியோரக் கடைத்தெருவும் பிரதேச செயலகமும் என்று கடந்துபோகிறவர் நினைக்கலாம். கோறளைப்பற்று தெற்கு என்று அரசாங்கம் எழுதும் அந்தப் பிரிவு, கடலோரப் பக்கமான எழுவான்கரையிலிருந்து தண்ணீரைக் கடந்து மேற்கே புலிபாய்ந்தகல், பூலாக்காடு, பேரில்லாவெளி, முறுத்தானை என்று விரிந்து குடும்பிமலை, வடமுனை, ஊத்துச்சேனை வரைக்கும் போகிறது. வயலும் மேய்ச்சல் தரையும் காடும். மாரியில் புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்விட்டால் அங்காலே இருப்பவர்கள் தோணியில் வர வேண்டும். ஒரே பிரிவு, ஒரே மாவட்டம், அளவீட்டின் மொழியில் ஒரே ‘கிராமப்புறம்’. நிறை பற்றிய பேச்சு எனக்கு வெறும் கணிதப் பேச்சாகத் தோன்றாமல் போனதற்கு இந்த நிலத்தின் அமைப்பே காரணம்.

*

நிறைகள் ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன? வாய்ப்பு வேறுபடுவதால். 2012 குடிசன மதிப்பில் கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம் பேர். மட்டக்களப்பில் 5 இலட்சத்து 26 ஆயிரம். முல்லைத்தீவில் 92 ஆயிரம். சனத்தொகைக்கு நேர்விகிதமாக மாதிரி எடுத்தால் கொழும்பில் ஆயிரம் வீடு கேட்கும்போது முல்லைத்தீவில் நாற்பது வீடுதான் கேட்க வேண்டும். நாற்பது வீட்டை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்தின் போசாக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே சிறிய மாவட்டங்களில் பங்குக்கு மேலாகவே கேட்கிறார்கள். கூடுதலாகக் கேட்டதை நாட்டின் கணக்குக்கு வரும்போது திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அதனால் முல்லைத்தீவுப் பெண்ணின் நிறை ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது, கொழும்புப் பெண்ணின் நிறை மேலே ஏறுகிறது.

மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை. நம்முடைய கோயில்களில் தாய்வழிக் குடி ஒவ்வொன்றுக்கும் வண்ணக்கர் என்ற கோயில் பொறுப்பாளர் ஒருவர், குடிக்கு ஒரு திருவிழா. குடியில் முப்பது குடும்பம் இருந்தாலும் முந்நூறு குடும்பம் இருந்தாலும் அந்த முறை மாறாது. சிறிய குடிக்கும் தன் நாள் உண்டு, தன் குரல் உண்டு. ஆனால் திருப்பணிக்கு வரி எடுக்கும்போது தலைக்கணக்குக்கு வந்துவிடுவோம். குடிக்குச் சமமாக இடம் கொடுப்பதும் குடும்பத்துக்குச் சமமாகக் கணக்கெடுப்பதும் இரண்டு தனித்தனி நியாயங்கள் என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் சண்டை வரும் என்பதும் தெரியும். அளவீட்டில் மாதிரி எடுப்பது முதலாவது நியாயம். நிறையிடுவது இரண்டாவது.

நிறையிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தோட்டப்புறம் நல்ல எடுத்துக்காட்டு. 2012இல் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 4.4 பேர் தோட்டங்களில் வாழ்ந்தார்கள். 2016 அளவீட்டில் தோட்டப்புறப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 32 பேர் உயரம் குன்றியவர்கள். மற்ற இடங்களில் 16.5 என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் தோட்டப் பிள்ளைகள் ஐந்தில் ஒரு பங்கு என்றும் கற்பனை செய்வோம். நிறையிடாத சராசரி 19.6 வரும். தோட்டத்துக்கு உரிய 4.4 பங்கைக் கொடுத்தால் 17.2. இரண்டுக்கும் இடையிலான 2.4 புள்ளி எந்தப் பிள்ளையின் உயரத்திலும் நடந்த மாற்றம் இல்லை. நாம் யாரை அதிகம் போய்ப் பார்த்தோம் என்பதன் தடம் அது.

இங்கே ஒரு மனத்தாங்கலையும் பேசிவிட வேண்டும். மட்டக்களப்புப் பெண்ணின் நிறை கம்பஹாப் பெண்ணின் நிறையைவிடக் குறைவு என்று கேள்விப்பட்டதும், இதிலும் எங்களைக் குறைத்துவிட்டார்கள் என்று தோன்றலாம். இந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சந்தேகப்படுவதில் தவறு காண மாட்டார்கள். ஆனால் இந்த இடத்தில் சந்தேகம் பிழையான கதவைத் தட்டுகிறது. குறைந்த நிறை உள்ளவர், கூடுதலாகத் தேடிப் போய்க் கேட்கப்பட்டவர். தன் மாவட்டத்துக்குத் தனி எண் கிடைப்பதற்காக நாட்டின் எண்ணில் சற்று ஒதுங்கி நிற்பவர். உண்மையாக அஞ்ச வேண்டியது பெரிய நிறைக்கு. ஒரு பெண்ணின் நிறை மிகப் பெரிதாக இருந்தால், அவளைப் போன்ற பலரிடம் யாரும் போகவில்லை என்று பொருள்.

*

நிறையிட வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எந்த நிறை என்ற கேள்வி வருகிறது. ஒரே அளவீட்டில் வீட்டுக்கு ஒரு நிறை, பெண்ணுக்கு ஒரு நிறை, ஆண்களைக் கேட்டிருந்தால் அவர்களுக்கு ஒரு நிறை, குடும்ப வன்முறைப் பகுதிக்கு இன்னொன்று என்று நிற்கும். வீட்டைத் தேர்ந்தெடுத்த வாய்ப்பிலிருந்து வீட்டு நிறை பிறக்கிறது. அந்த வீட்டில் இருந்த பெண்களில் பதில் சொன்னவர், சொல்லாதவர் கணக்கைச் சேர்த்தால் பெண்ணின் நிறை. மலசலகூடம் பற்றிய கேள்விக்கு வீட்டு நிறை, கருத்தடை பற்றிய கேள்விக்குப் பெண்ணின் நிறை என்று பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். மட்டக்களப்பின் வீடுகளுக்குள் அந்த இரண்டு வரி அவ்வளவு சுலபமாக நுழைவதில்லை.

பிள்ளையின் போசாக்கை எடுத்துக்கொள்வோம். தாயிடம் கேட்டு எழுதிய கோப்பிலும் பிள்ளை வருகிறது. வீட்டில் இருப்பவர்களின் பட்டியலிலும் வருகிறது. இரண்டும் ஒரே பிள்ளைகள் என்றுதான் முதலில் தோன்றும். தாய் சவூதியிலோ குவைத்திலோ கட்டாரிலோ வேலைக்குப் போயிருந்தால்? பிள்ளை அம்மம்மாவின் வீட்டில் வளர்கிறது. வந்தவர் கேட்பதற்குத் தாய் இல்லை. ஆகவே தாயின் கோப்பில் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. வீட்டுப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. உலகெங்கும் நடக்கும் குடித்தொகை சுகாதார அளவீடுகளில் பிள்ளைகளின் உயரம், உடல்நிறை பற்றிய அட்டவணைகளை வீட்டுப் பட்டியலிலிருந்து, வீட்டு நிறையை இட்டுக் கணிப்பதன் காரணம் இதுதான். ஓர் ஆய்வாளர் பழக்கதோஷத்தில் தாயின் கோப்பையும் தாயின் நிறையையும் எடுத்துக்கொண்டால், கணக்கில் எந்தப் பிழையும் தெரியாது. வளைகுடா நாட்டில் வேறொரு வீட்டின் பிள்ளையை வளர்க்கிற பெண்ணின் சொந்தப் பிள்ளை மட்டும் காணாமல் போயிருக்கும். தாய் வெளிநாட்டில் இருப்பது பிள்ளையின் போசாக்கைப் பாதிக்கிறதா என்று ஆராய வந்த கட்டுரையிலேயே அந்தப் பிள்ளை இல்லாமல் போவதும் நடக்கக்கூடியதே.

குடும்ப வன்முறைப் பகுதி இன்னும் நுட்பமானது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் இருவரிடமும் அதைக் கேட்பதில்லை. சீட்டெடுப்பதுபோல ஒருவரை மட்டும் தெரிந்து தனியே கேட்பது சர்வதேச வழக்கம். அவள் சொன்னது வீட்டில் வேறு எவருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை 636,699 வீடுகளில் நடந்த இந்தியாவின் ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு அதையே செய்தது. இருவரில் ஒருவரைத் தெரிந்தால் தெரியப்பட்டவர் இருவருக்காகப் பேசுகிறார். நிறை இரட்டிக்க வேண்டும். பெண்ணின் சாதாரண நிறையையே அங்கும் போட்டால், ஒரே பெண் உள்ள வீடுகள் கணக்கில் பெருத்துப்போகும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மகள் தாய்வீட்டில் இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வந்து சேர்வதும் வழக்கம். தாயும் மகளும் ஒரே கூரையின் கீழே, இருவரும் ஐம்பது வயதுக்குக் கீழே. அந்த வீட்டில் மகளின் துன்பம் தாய்க்குத் தெரிந்திருக்கும், தாயின் துன்பம் மகளுக்குத் தெரிந்திருக்கும். எண்ணில் அது ஒருத்தியின் பதிலாகவே வரும். அந்த ஒருத்திக்கு உரிய நிறையைக் கொடுக்காமல் விடுவது, வீட்டுக்குள்ளே துணையிருக்கிற பெண்களின் நிலையைக் குறைத்தும், தனியே இருக்கிற பெண்களின் நிலையைக் கூட்டியும் சொல்வதாகும்.

தாய்வழி வளவுகள் இன்னோர் இடத்திலும் குறுக்கிடுகின்றன. அளவீட்டுக்காரர்கள் நாடு முழுக்க வீடுவீடாகச் சிதறி எடுப்பதில்லை. முதலில் தொகைமதிப்புக் கண்டங்களைத் தெரிந்து, பிறகு ஒவ்வொன்றிலும் சில வீடுகளைத் தெரிகிறார்கள். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு சீதனம். ஒரே வளவைப் பிரித்து அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று கட்டிக் கொடுப்பார்கள். அடுத்தடுத்த வீடுகளில் கேட்டால் ஒரே தாய் வளர்த்த பெண்களிடமே திரும்பத் திரும்பக் கேட்பதாகவும் முடியலாம். எப்போது பால் மறப்பிப்பது, காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியசாலைக்குப் போவது என்பதெல்லாம் ஒரே வாயிலிருந்து கற்றவை. பத்துப் பதில், அதில் புதிய செய்தி ஐந்தோ ஆறோ. நிறை இதைச் சரிசெய்யாது. சராசரியைத்தான் அது நேராக்கும். எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல, எந்தப் பெண் எந்தக் கண்டத்தில், எந்தப் படையில் (தனியாக மாதிரி எடுத்த பிரிவில்) இருந்தாள் என்ற மற்ற இரண்டு நிரல்களையும் மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் இல்லாத உறுதியுடன் பேசுவோம்.

எல்லை மாறினாலும் நிறை மாறும். இந்திய ஆய்வின் பொதுக் கோப்பில் நாட்டுக்கு ஒரு நிறையும் மாநிலத்துக்கு ஒரு நிறையும் தனித்தனியாக இருக்கின்றன. தமிழ்நாட்டை மட்டும் ஆராய்பவர் ஒன்றை எடுக்க வேண்டும், தமிழ்நாட்டைப் பீகாரோடு சேர்த்து இந்தியாவைப் பேசுகிறவர் மற்றதை. பல நாடுகளையோ பல ஆண்டுகளையோ ஒன்றாகக் கொட்டுகிறவருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. இந்த நிறைகள் ஒவ்வோர் அளவீட்டுக்குள்ளும் கூட்டுத்தொகை மாதிரியின் எண்ணிக்கைக்குச் சமமாகும்படி சுருக்கப்பட்டவை. அப்படியே கலந்தால் சனத்தொகை கூடிய நாட்டுக்குப் பதிலாக, மாதிரி பெரிதாக எடுத்த நாடு உரத்துப் பேசும்.

*

இவ்வளவும் சொன்ன பிறகு, நிறையைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்கு எதிராக மிகக் கூர்மையான கதையைச் சொன்னவர் வங்காளத்துப் புள்ளியியலாளர் தேவவிரத பாசு. மாதிரியெடுப்பின் தர்க்க அடிப்படை பற்றி 1971இல் வெளிவந்த கட்டுரையில் அவர் ஒரு சர்க்கஸ் முதலாளியைக் கொண்டுவருகிறார். ஐம்பது யானைகளைக் கப்பலேற்ற வேண்டும். மொத்த நிறை உத்தேசமாகத் தெரிய வேண்டும். முன்பு நிறுத்தபோது சம்போ என்ற யானை சராசரியாக இருந்தது. அதை மட்டும் நிறுத்து ஐம்பதால் பெருக்கிவிடலாம் என்கிறார் முதலாளி. சர்க்கஸின் புள்ளியியலாளர் பதறுகிறார்: எழுமாற்றாகத் தெரியாவிட்டால் அது கணக்கே இல்லை. கடைசியில் ஓர் உடன்பாடு. சம்போவுக்கு நூற்றில் 99 வாய்ப்பு, மற்ற ஒவ்வொன்றுக்கும் 4,900இல் ஒரு வாய்ப்பு. எதிர்பார்த்தபடி சம்போவே வருகிறது. முதலாளி ஐம்பதால் பெருக்கப் போகிறார். புள்ளியியலாளர் தடுக்கிறார்: விதிப்படி வாய்ப்பின் தலைகீழால் பெருக்க வேண்டும், ஆகவே ஐம்பது யானையின் மொத்தம் சம்போவின் நிறையைவிடக் கொஞ்சம்தான் கூட. அப்படியானால் பெரிய யானை ஜம்போ வந்திருந்தால்? அதன் நிறையை 4,900ஆல் பெருக்க வேண்டும். புள்ளியியலாளருக்கு வேலை போயிற்று.

பாசு கேலி செய்த அந்த விதி, 1952இல் ஹோர்விட்ஸ், தொம்சன் இருவரும் வகுத்தது. இன்றைய சுகாதார அளவீடுகளின் நிறைகளெல்லாம் அதன் வழிவந்தவை. திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக்கொண்டே போனால் சராசரியில் பிழைக்காது என்பதுதான் அந்த விதியின் வாக்குறுதி. நம் கையில் இருப்பது ஒரேயொரு மாதிரி. ஜம்போக்கள் சர்க்கஸில் மட்டும் வருவதில்லை. பழைய பட்டியலில் அறுபது வீடு என்று இருந்த ஒரு கண்டம், சனம் திரும்பி வந்து குடியேறிய பிறகு முந்நூறு வீடாக இருக்கிறது என்று வையுங்கள். அறுபதை நம்பி அதற்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். முந்நூறிலிருந்து அதே அளவு வீடுகளைத் தெரிகிறார்கள். அங்குள்ள ஒவ்வொரு பெண்ணின் நிறையும் ஐந்து மடங்காகிவிடும். அவளுடைய ஒரு பதில் மாவட்டத்தின் எண்ணையே இழுக்கும். லெஸ்லி கிஷ் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: நிறைகளின் சிதறல் அவற்றின் சராசரிக்குச் சமமாகிவிட்டால், ஆயிரம் பேரைக் கேட்டாலும் ஐந்நூறு பேரைக் கேட்ட உறுதியே மிஞ்சும். ஆகவே மிகப் பெரிய நிறைகளைக் கத்தரிப்பதும் உண்டு. கத்தரித்தால் பெரிய தடுமாற்றம் குறையும். சிறிய சாய்வு ஒன்று வந்து சேரும். எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதை ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ததை எழுதியும் வைக்க வேண்டும்.

*

கத்தரிப்பதைப் பற்றிப் பேசலாம், பெருக்குவதைப் பற்றிப் பேசலாம். பூச்சியத்தை என்ன செய்வது? நிறை என்பது வாய்ப்பின் தலைகீழ். வாய்ப்பே இல்லாதவருக்கு நிறை எழுத முடியாது.

1987இலும் 1993இலும் நடந்த குடித்தொகை சுகாதார அளவீடுகள் போர் காரணமாக வட மாகாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வரவில்லை. 1991இல் குடிசன மதிப்பு நடக்கவில்லை. 2001இல் நடந்தது மட்டக்களப்பில் முழுமையாகவில்லை. 1981இல் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இருந்த மாவட்டம், தன்னை முழுமையாக அடுத்த முறை எண்ணிக்கொண்டது 2012இல். இடையில் முப்பத்தொரு வருடம். வடக்கும் கிழக்கும் சேர்ந்து 1981இல் நாட்டின் ஏழில் ஒரு பங்கு. குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட இடங்கள் என்று 1985இல் றொக்பெல்லர் அறக்கட்டளையின் பெல்லாஜியோ மாநாடு சீனா, கொஸ்தாரிக்கா, கேரளத்தோடு இலங்கையையும் நிறுத்தியது. அந்தப் புகழ் பொய்யென்று சொல்ல மாட்டேன். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் வீடுவீடாகப் போன மருத்துவமாதுகளும் உண்மையான சாதனை. ஆனால் அதற்குப் பின்வந்த அந்த இரண்டு அளவீடுகளும் ‘இலங்கை’ என்று எழுதி அச்சிட்ட எண்களில் கிரானின் தாய்மார் இல்லை. குறைவாக எண்ணப்பட்டவர்களை நிறையால் மீட்கலாம். எண்ணவே படாதவர்களை எந்தச் சூத்திரமும் மீட்காது. அவர்களுக்காக மற்றவர்கள் பேசிவிட்டார்கள் என்று பாசாங்கு பண்ணத்தான் உதவும்.

2006-07 அளவீடு மட்டக்களப்புக்கு வந்தது. வடக்கு அப்போதும் வெளியே. அது எப்படிப்பட்ட காலம் என்பது இங்கே எல்லோருக்கும் ஞாபகம். வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் பெயர்ந்து பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் இருந்தது. குடும்பிமலையைப் பிடித்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்தது 2007 யூலையில். வீட்டலகுப் பட்டியலை வைத்து நடக்கும் அளவீட்டில் முகாமில் இருப்பவர் பொதுவாக வருவதில்லை. பட்டியலில் வீடு இருக்கும், வீட்டில் ஆள் இருக்காது. ஆள் இருக்கும் இடம் பட்டியலில் இருக்காது.

இதன் தொடர்ச்சியாக ஒரு விசித்திரமும் உண்டு. 1993க்கும் 2016க்கும் இடையே நாட்டில் பிள்ளைகளின் போசாக்கு எவ்வளவு முன்னேறியது என்று ஒருவர் நேர்மையாகக் கேட்கிறார் என்று வைப்போம். முதலாவது அளவீட்டில் இல்லாத மாவட்டங்களை இரண்டாவதிலும் வைத்திருந்தால், ஒப்பீடு கோணலாகும். வந்த மாற்றம் காலத்தால் வந்ததா, புதிதாகச் சேர்ந்த மாவட்டங்களால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சரியான முறை, 2016 கோப்பிலிருந்தும் அந்த மாவட்டங்களை எடுத்துவிடுவது. அதாவது கடைசியில் ஒருவாறு எண்ணப்பட்ட கிரான் பெண்ணுக்கு, முறைப்படி, நம் கையாலேயே பூச்சிய நிறை கொடுப்பது. அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான நிறை. போர் ஒரு தடவை அவளை வெளியே வைத்தது. ஒப்பீடு செய்யும் ஒவ்வொரு தடவையும் முறையியல் அவளை வெளியே வைக்கிறது. இதற்குப் பரிகாரம் முறையை மீறுவதில் இல்லை. ‘இலங்கையின் போக்கு’ என்று தலைப்பிடுவதை விட்டு, எந்த மாவட்டங்களின் போக்கு என்று தலைப்பிலேயே எழுதுவதில் இருக்கிறது. அடிக்குறிப்பில் எழுதினால் போதாது. அடிக்குறிப்பு மேற்கோள் காட்டுகிறவரோடு கூடப் போவதில்லை.

*

போர் முடிந்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதைச் செய்வது மழை. ஒரு கண்டத்துக்குப் போக முடியாமல் போனாலோ, போன இடத்தில் வீடு பூட்டியிருந்தாலோ, அந்த வீடுகளின் நிறையைச் சுற்றியுள்ளவர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம். பதிலளிக்காமைக்கான திருத்தம் என்று அதற்குப் பெயர். இதற்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: போக முடிந்த இடத்தில் இருப்பவர்கள் போக முடியாத இடத்தில் இருப்பவர்களைப் போன்றவர்கள். கொழும்பில் ஒரு தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறக்காவிட்டால் நான்காம் மாடிக்காரரை நம்பலாம். கிரான் சந்தியில் இருக்கும் தாய், ஊத்துச்சேனைத் தாய்க்காகப் பேச முடியுமா? ஒருத்திக்குப் பிரதான வீதியில் பஸ். மற்றவளுக்கு வலி கண்டால், மாரியில், முதலில் தண்ணீரைக் கடக்க வேண்டும். பிள்ளை எங்கே பிறந்தது, எத்தனை தடவை கிளினிக் போனாய் என்ற கேள்விகளில்தான் இருவரும் மிகவும் வேறுபடுவார்கள். வீதி வெள்ளத்தில் மூழ்குவது, அளவீட்டுக்காரர் போகாததற்கும் தாய் கிளினிக் போகாததற்கும் ஒரே காரணம். அப்படியான இடத்தில் நிறையை அயலுக்கு மாற்றுவது, பிரச்சினை இல்லாதவரின் வாயால் பிரச்சினை உள்ளவரைப் பேச வைப்பதாகும். எண் வரும். நல்ல எண்ணாகவே வரும்.

இதற்கு எளிய வழிகள் உண்டு. மாரிக்கு முன்னரே மேற்குப் பக்கத்தை முடித்துவிடலாம். தண்ணீருக்கு இங்காலும் அங்காலும் இருப்பதைத் தனித்தனிப் படையாக வைத்து, அங்காலே விடுபட்டதை அங்காலே உள்ளவர்களுக்கே பகிரலாம். மருத்துவமாதுவிடம் தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு இருக்கிறது. தன் பகுதியின் அத்தகைய ஒவ்வொரு குடும்பத்தையும் அவர் பெயர் பெயராக எழுதி வைத்திருப்பது மாதிரியில் வராத நுணுக்கம். அதில் நிறை கிடையாது, ஒவ்வொருவரும் ஒருவரே. அந்தப் பதிவேட்டுக்கும் அதன் பலவீனங்கள் உண்டு: கிளினிக்குக்கு வராதவரைப் பற்றி அது குறைவாகவே அறியும், வேறு ஊரோடு ஒப்பிட எழுதப்பட்டதும் இல்லை. அளவீடும் பதிவேடும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டியவை. 2024 இறுதியில் நடந்த குடிசன மதிப்போடு புதிய வீட்டலகுப் பட்டியலும் வந்திருக்கிறது. அடுத்த அளவீடு அதிலிருந்து மாதிரி எடுக்கக்கூடும். மாவட்டத்துக்குள்ளே படைகளை எப்படிப் பிரிப்பது என்று பேசுவதற்கு இதுவே நேரம். எண்கள் வந்த பிறகு பேசினால் அது ஒப்பாரி.

ஆய்வாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது இதைவிடச் சிறியது. நிறை நிரலைத் தெரிவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்த எண் யாரைப் பற்றியது, இதில் யார் யாருக்காகப் பேசுகிறார்கள், யாருக்காக எவரும் பேசவில்லை. அந்த வாக்கியத்தை எழுத முடிந்தவருக்கு எந்த நிரல் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். எழுத முடியாதவர் எந்த நிரலை எடுத்தாலும் அது ஊகமே. கட்டுரையின் முதல் பந்தியில் அந்த வாக்கியம் இருக்குமானால், கிரானில் இருந்து அதை வாசிக்கிற ஒருவர் தான் அதில் இருக்கிறாரா இல்லையா என்பதையாவது அறிந்துகொள்வார். இல்லையென்றால் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை, அட்டவணையில் பெயர் போட்டுக்கொண்டவருக்கு உண்டு.